இந்தியர் கைக்குப் பீரங்கி வந்த கதை

முதல் உலகப் போர் முடிந்த 1918 முதல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 வரை, பிரிட்டிஷ் இந்தியாவின் பீரங்கிப் படை இரண்டு தனி வரிசைகளாக இருந்தது. ஆறு குதிரைகள் பூட்டி இழுக்கும் களப் பீரங்கிகளை இயக்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறும் மலைப் பீரங்கிகளை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். சமவெளிப் போரின் முடிவைத் தீர்மானிக்கும் பீரங்கி ஆளும் இனத்திடமும், எல்லைப்புறக் குன்றுகளுக்கு மட்டும் போதுமான பீரங்கி ஆளப்படும் மக்களிடமும் இருந்தன. இந்தப் பிரிவினையை உண்டாக்கியது 1857-ன் அச்சம். அந்த அச்சத்தின் கிளையாகவே அந்தமான் தண்டனைக் குடியேற்றமும் பிறந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளம், மதராஸ், பம்பாய் ஆகிய மூன்று படைகளிலும் ‘கோலந்தாஸ்’ எனப்பட்ட இந்தியப் பீரங்கி வீரர்கள் இருந்தார்கள். 1857-ல் வங்காளப் படையின் கோலந்தாஸ்களில் பெரும் பகுதியினர் கிளர்ச்சியில் சேர்ந்தார்கள். டெல்லியில் கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கிய பக்த் கான், கம்பெனிப் பீரங்கிப் படையில் நீண்ட காலம் பணியாற்றிய சுபேதார். ஆப்கானிஸ்தான் போரைப் பார்த்தவர். பரேலியிலிருந்து படையோடும் பீரங்கிகளோடும் கருவூலத்தோடும் 1857 ஜூலைத் தொடக்கத்தில் அவர் டெல்லிக்கு வந்து சேர்ந்தார். வெள்ளை அதிகாரிகள் கற்றுக்கொடுத்த குறிபார்க்கும் கலையை அந்த அதிகாரிகளின் முகாம் மீதே திருப்பினார். அரண்மனைச் சூழ்ச்சியும் பணமின்மையும் காலை வாராமல் இருந்திருந்தால் டெல்லி முற்றுகையின் கதை வேறாக எழுதப்பட்டிருக்கும். 1857-ன் தளபதிகளில் போர்த்தொழிலை முழுமையாக அறிந்த சிலருள் அவர் ஒருவர். பாடநூல்கள் அவருக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்காதது அநீதி.

கிளர்ச்சி அடங்கியபின் தண்டனை இரண்டு விதமாக வந்தது. முதலாவது கடல் கடத்தல். 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கரின் பொறுப்பில் 200 கைதிகளுடன் ‘செமிராமிஸ்’ கப்பல் போர்ட் பிளேயர் வந்து சேர்ந்தது. இரண்டாவது ராணுவச் சீரமைப்பு. இதை ஆராய்ந்த பீல் கமிஷன் 1859-ல் தன் பரிந்துரைகளை அளித்தது. பீரங்கிப் படை ஐரோப்பியர் கையில் இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கம்பெனியின் ஐரோப்பியப் பீரங்கிப் பிரிவுகள் இங்கிலாந்து அரசின் ராயல் ஆர்ட்டிலரியில் இணைக்கப்பட்டன. இந்தியப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. மதராஸ் படையில் பெருங்கலகம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அதன் கோலந்தாஸ்களுக்கும் அதே கதிதான்.

விலக்குப் பெற்றவை சில மலைப் பேட்டரிகள், அதாவது மலைப் பீரங்கிக் குழுக்கள், மட்டுமே. பம்பாய்ப் படையில் 1827 செப்டம்பர் 28 அன்று எழுப்பப்பட்ட பேட்டரி அவற்றுள் மூத்தது. அந்தத் தேதியைத்தான் இந்தியப் பீரங்கிப் படை இன்றும் தன் ஆண்டு விழாவாகக் கொண்டாடுகிறது. வடமேற்கு எல்லையில் பழங்குடியினரோடு ஓயாமல் நடந்த சண்டைக்குக் கோஹாட், டேராஜாத், பெஷாவர், ஹசாரா பேட்டரிகள் தேவைப்பட்டன. ஏறிச் செல்லப் பாதையில்லாத மலையில் வெள்ளைப் படைக்குத் துணையாக ஒரு பீரங்கி வேண்டும். அதே பீரங்கி ஒரு கோட்டையைத் தகர்க்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு கணக்குக்கும் மலைப் பீரங்கி பொருந்தியது.

அதன் அமைப்பு நுட்பமானது. 1879-ல் புழக்கத்துக்கு வந்த 2.5 அங்குலப் பீரங்கியின் குழல் இரண்டு துண்டுகளாக இருந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 பவுண்டு எடை. இரண்டையும் திருகி இணைத்தால்தான் பீரங்கி. குழல், வண்டி, சக்கரங்கள் எல்லாம் ஐந்து கோவேறு கழுதைகளின் சுமையாகின. முதல் உலகப் போரின் பிற்பகுதியில் வந்த 3.7 அங்குல ஹவிட்ஸர் எட்டுக் கழுதைச் சுமை. 20 பவுண்டு குண்டை வீசும். குன்றின் உச்சியில் கழுதைகள் நின்ற கணமே வீரர்கள் பாகங்களை இறக்கி, வண்டியைப் பொருத்தி, குழலைப் பூட்டி, சில நிமிடங்களில் முதல் குண்டைச் சுட வேண்டும். இதற்கு உடல் வலிமையும் ஒத்திசைந்த அசைவும் தேவை. அதனால் உயரமும் தோள்வலிமையும் உள்ள சீக்கியரையும் பஞ்சாபி முஸ்லிம்களையும் பேட்டரிகள் தேடிச் சேர்த்தன. கழுதையோட்டி தன் விலங்கின் பெயரையும் குணத்தையும் அறிந்தவன். குண்டு விழும் சரிவில் அது மிரளாமல் பிடித்து நிற்பவன். 1915 ஏப்ரல் 25 அன்று கலிபோலிக் கடற்கரையில் ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகளோடு இறங்கிய கோஹாட், ஜேக்கப் பேட்டரிகள் இந்தத் திறமையை உலகின் முன் நிரூபித்தன.

போருக்குப்பின் இந்த அமைப்பு ஒழுங்குபடுத்தப்பட்டது. மலைப் பேட்டரிகள் பிரிகேட்டுகளாகத் தொகுக்கப்பட்டன. ஒரு பிரிகேட்டில் மூன்று இந்தியப் பேட்டரிகளோடு ஒரு பிரிட்டிஷ் பேட்டரியும் சேர்க்கப்பட்டது. பிற்காலத்தில் ரெஜிமென்ட் எனப்பட்ட அளவையே அன்றைய பீரங்கிப் படை பிரிகேட் என்றது. களப் பிரிகேட்டுகள் 18 பவுண்டு பீரங்கிகளையும் 4.5 அங்குல ஹவிட்ஸர்களையும் கொண்டிருந்தன. அவற்றில் குதிரை ஓட்டும் வேலை இந்தியருக்குக் கிடைத்தது. குறிபார்ப்பதும் சுடுவதும் வெள்ளையருக்கே. 1924-ல் மலைப் பேட்டரிகளும் ராயல் ஆர்ட்டிலரியின் குடைக்கீழ் கொண்டுவரப்பட்டன.

அதே ஆண்டுகளில் அமெரிக்க ராணுவத்தின் கவலைகள் வேறாக இருந்தன. 1919-ல் வெஸ்டர்வெல்ட் குழு 105 மில்லிமீட்டர் ஹவிட்ஸர் வேண்டும் என்றது. பணம் இல்லாததால் பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கியே பல ஆண்டுகள் நீடித்தது. ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் பள்ளியில் 1930-களில், பல பேட்டரிகளை ஒரே இடத்திலிருந்து கணக்கிட்டு ஒரே இலக்கின் மீது சுடச்செய்யும் முறை உருவானது. அமெரிக்கர்களும் பிலிப்பைன்ஸைக் குடியேற்ற நாடாகவே வைத்திருந்தார்கள். ஆயினும் ‘பிலிப்பைன் ஸ்கவுட்ஸ்’ படையின் பீரங்கி ரெஜிமென்டில் சிப்பாய்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள்தாம். அங்கும் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கழுதை சுமக்கும் மலைப் பீரங்கி என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பேரரசும் எட்டக் குண்டு வீசும் ஆயுதத்தை ஆளப்படுவோரிடம் எளிதில் கொடுத்ததில்லை.

இந்தியாவில் பூட்டு மேலிருந்து தளர்ந்தது. 1923-ல் அறிவிக்கப்பட்ட எட்டு அலகுத் திட்டம் இந்திய அதிகாரிகளைக் குறிப்பிட்ட காலாட்படை, குதிரைப்படை அலகுகளில் மட்டும் அடைத்தது. முகமது அலி ஜின்னா உறுப்பினராக இருந்த ஸ்கீன் குழு, பீரங்கிப் படையின் கதவையும் திறக்கப் பரிந்துரைத்தது. அரசு பின்னர் லண்டனை அடுத்த வுலிச் ராணுவப் பள்ளியில் இந்திய மாணவர்களைச் சேர்த்தது. பீரங்கிப் படையில் அதிகாரியான முதல் இந்தியர் பிரேம் சிங் கியானி. அடுத்து 1933-ல் ஆணை பெற்று வந்தவர் ஒரு தமிழர்: பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். திருச்செங்கோட்டுப் பகுதியின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பம் அவருடையது. தந்தை ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை மதராஸ் மாகாணத்தின் முதல் அமைச்சர். தம்பி மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார். அண்ணன் பீரங்கிக்குப் போனார்.

1935 ஜனவரி 15 அன்று பெங்களூரில் ‘ஏ’ ஃபீல்டு பிரிகேட் எழுப்பப்பட்டது. இந்தியர்களே களப் பீரங்கியைக் குறிபார்த்துச் சுடும் முதல் பிரிகேட் அது. நான்கு பேட்டரிகளும் குதிரை இழுப்பவை. முதல் கட்டளை அதிகாரி லெப்டினன்ட் கர்னல் சி. ஏ. எல். கிரஹாம், இந்திய மலைப் பீரங்கிப் படையின் வரலாற்றைப் பின்னாளில் எழுதியவரும் அவரே. பேட்டரிகளில் மதராஸ் மாகாணத்து வீரர்களும் இருந்தார்கள். கோலந்தாஸ்கள் கலைக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டு கழித்து, தென்னகத்தான் மீண்டும் பெரிய பீரங்கியின் பின்னால் நின்றான். 1939-ல் இந்தியப் பேட்டரிகள் ராயல் ஆர்ட்டிலரியிலிருந்து விடுபட்டு இந்திய ராணுவத்தின் சொந்தப் படையாயின. அந்த ஆண்டு உலகப் போர் மூண்டபோது இந்தியர் இயக்கிய களப் பீரங்கி ரெஜிமென்ட் நாடு முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் பற்றாக்குறை 1942-ல் எல்லா முனைகளிலும் தெரிந்தது. அந்தமானில் சுமார் 300 சீக்கிய ராணுவப் போலீசார் காவலிருந்தார்கள். ஜனவரியில் வந்த கூர்க்காப் பிரிவு, ரங்கூன் மார்ச் 8-ல் வீழ்ந்ததும் மார்ச் 10-ல் திரும்பப் பெறப்பட்டது. மார்ச் 23 அன்று ஜப்பானியர் எதிர்ப்பின்றிப் போர்ட் பிளேயரில் இறங்கினார்கள். வீடு புகுந்த ஜப்பானியச் சிப்பாய்களை நோக்கி ஸுல்ஃபிகர் அலி என்ற இளைஞர் ஏர்கன்னால் சுட்டார். அதற்காக அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். பேரரசு பாதுகாக்காத ஊரைப் பாதுகாக்க எழுந்த அந்த இளைஞர், இந்தப் போரின் எந்தத் தளபதிக்கும் குறைந்தவரல்லர். பிறகு ஜப்பானியர் கோர்பின் கடற்கரைச் சாலை நெடுகக் கட்டிய பதுங்கு அரண்களை இன்றும் காணலாம்.

இரண்டு மாதம் கழித்து, 1942 மே 27 காலையில், லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீமுக்கு அருகே 171-ஆம் புள்ளியில் பெங்களூர்ப் பிரிகேட்டின் வாரிசான 2-வது ஃபீல்டு ரெஜிமென்ட் நின்றது. பிரிகேடியர் ஃபிலோஸின் 3-வது இந்திய மோட்டார் பிரிகேட் அங்கு வந்து அதிக நேரம் ஆகவில்லை. பதுங்கு குழிகளும் முழுமை பெறவில்லை. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் போதவில்லை. இத்தாலியரின் அரியெட்டே டாங்கிப் பிரிவு நேராக வந்து மோதியது. 13,400 கெஜம் எட்டும் 25 பவுண்டு பீரங்கி, தொலைவில் மறைந்திருந்து சுடுவதற்காகச் செய்யப்பட்டது. அன்று அதன் வீரர்கள் கண்ணெதிரே வரும் டாங்கிகளைக் குழலின் நேர்க்கோட்டில் பார்த்துச் சுட்டார்கள். பல டாங்கிகள் எரிந்தன. சில மணி நேரத்தில் பிரிகேட் நசுங்கியது. ஆனால் பீரங்கிகளை விட்டு யாரும் ஓடவில்லை. 7-வது பேட்டரியை நடத்திய மேஜர் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. சிறைபிடிக்கப்பட்ட அவர் இத்தாலியில் தப்ப முயன்று, கணுக்கால் முறிந்து, மீண்டும் பிடிபட்டு, ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் போர் முடியும்வரை இருந்தார்.

அதே களத்தில் பிடிபட்டவர்களுள் அட்மிரல் சர் வால்டர் கோவன் என்பவரும் உண்டு. 1871-ல் பிறந்து, 1898 சூடான் போரில் டி.எஸ்.ஓ. பெற்று, 1919-ல் பால்டிக் கடலில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்தி, 1931-ல் ஓய்வு பெற்றவர். போர் வந்ததும் பதவியைத் தாழ்த்திக்கொண்டு கமாண்டோக்களோடு ஆப்பிரிக்கா வந்து, 18-வது குதிரைப்படையின் இந்திய வீரர்களோடு ஒட்டிக்கொண்டார். எழுபது வயதில், கையில் கைத்துப்பாக்கியோடு ஓர் இத்தாலிய டாங்கியை எதிர்த்து நின்றபோதுதான் பிடிபட்டார். 1943-ல் விடுவிக்கப்பட்டு மீண்டும் போருக்குத் திரும்பி, 1944-ல் இரண்டாம் முறை டி.எஸ்.ஓ. பெற்றார். அவரைத் தங்களில் ஒருவராக ஏற்ற 18-வது குதிரைப்படை பின்னாளில் அவரைக் கௌரவ கர்னலாக்கியது. இந்தியச் சிப்பாயை நம்பாத ஆட்சியில், அந்தச் சிப்பாயின் பக்கத்தில் நிற்பதைப் பெருமையாகக் கருதிய மனிதர் அவர்.

மலைப் பேட்டரிகளின் மரபும் இந்தப் போரில் உச்சம் கண்டது. அந்தமானுக்கு வடக்கே, பர்மாவின் காலடான் பள்ளத்தாக்கில், 1944 டிசம்பர் 15 இரவு ஹவில்தார் உம்ராவ் சிங்கின் 3.7 அங்குல ஹவிட்ஸரைக் கைப்பற்ற ஜப்பானியர் அலையலையாக வந்தார்கள். தோட்டா தீர்ந்ததும் அவர் பீரங்கியின் இரும்புத் தடியை எடுத்து அடித்தார். எதிர்த்தாக்குதலில் அந்த இடம் மீட்கப்பட்டபோது, ஏழு பெருங்காயங்களோடு மயங்கிக் கிடந்தார். அவரைச் சுற்றிப் பத்து ஜப்பானியர் இறந்து கிடந்தனர். பீரங்கி அங்கேயே, சுடத்தக்க நிலையில் இருந்தது. அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

1945-ல் ‘ராயல்’ அடைமொழி இந்தியப் பீரங்கிப் படைக்குத் தரப்பட்டது. அக்டோபரில் போர்ட் பிளேயரில் ஜப்பானியர் சரணடைந்தது 116-வது இந்தியக் காலாட்படை பிரிகேட்டிடம். கியானி 1964-ல் சைப்ரஸில் ஐ.நா. அமைதிப் படையின் முதல் தளபதியானார். குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தார். கிளர்ச்சி செய்வான் என்று 1859-ல் பறிக்கப்பட்ட பீரங்கியை, கொடுத்த ஏழே ஆண்டுகளில் உயிர் கொடுத்துக் காத்து நின்றான் இந்தியச் சிப்பாய். தவறு அவனுடைய விசுவாசத்தில் இல்லை, அவனை நம்ப மறுத்த கொள்கையில்தான் இருந்தது என்பதே இந்த வரலாறு தரும் தீர்ப்பு.

(தொடரும்)