பிளாக் டை

அமெரிக்க, பிரிட்டிஷ் திருமண அழைப்பிதழ்களில் காணப்படும் உடைக்குறிப்பு. நேர்ப்பொருள் 'கறுப்பு டை'; ஆனால் அது முழு உடையையும் சுட்டும். ஆண்களுக்குக் கறுப்பு போ டை, வெள்ளைச் சட்டை, டின்னர் ஜாக்கெட். பெண்களுக்குப் பெரும்பாலும் தரை தொடும் கவுன்.

1865இல் இளவரசர் எட்வர்டுக்காக லண்டன் ஹென்றி பூல் தையலகம் தைத்த வாலில்லாத குட்டைக் கோட்டிலிருந்து இவ்வுடை வளர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் டக்ஸீடோ பார்க் என்ற ஊரின் பெயரால் அமெரிக்காவில் அந்தக் கோட்டு 'டக்ஸீடோ' ஆயிற்று.

வாலுள்ள கோட்டுடன் அணியும் 'வொயிட் டை' இதைவிடக் கண்டிப்பானது. 'பிளாக் டை'யுடன் 'ஆப்ஷனல்' என்று சேர்த்திருந்தால் அடர்நிற சூட்டும் போதும். அழைப்பவர்கள் இன்ன உடை என ஒரு வரி விளக்கமும் எழுதிவிடுவதே விருந்தினருக்குச் செய்யும் மரியாதை.