படப்பெட்டி வந்தாச்சா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! 'திரைப்படம் பெரிதும் இனிப்பது தனித்துப் பார்க்கும்போதா, கூடிப் பார்க்கும்போதா' என்று ஒரு கேள்வியைக் கேட்டு எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டீர்கள். எதிரணியில் எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அழகாகப் பேசினார்கள். 'என் கைப்பேசி, என் ஹெட்போன், என் படம். குறுக்கே பேச ஆளில்லை. அதுதான் சுகம்' என்றார்கள். குறுக்கே பேச ஆளில்லாத சுகம் வேண்டுமென்று பட்டிமன்றத்துக்கு வந்து சொல்கிறார்களே, அந்தத் துணிச்சலை நான் பாராட்டுகிறேன்! (சிரிப்பு)

இன்னொன்றும் சொன்னார்கள். 'எனக்குப் பிடித்த படத்தை நானே தேர்ந்தெடுக்கிறேன்' என்று. அங்கேதான் ஐயா எனக்கு வழக்கு. தமிழன் சினிமா பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து வெகுகாலம் அவன் படத்தைத் தேர்ந்தெடுத்ததே கிடையாது. வந்த படத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பேசினான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போமா? 1895 டிசம்பர் 28இல் பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஏழே மாதத்தில், 1896 ஜூலை 7இல், அது பம்பாய் வாட்சன் ஓட்டலுக்கு வந்துவிட்டது. நம்ம பக்கம்? 1905. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். டுபான் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுநாதர் வாழ்க்கையைப் பற்றிய படம் அதில் ஒன்று. ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். கவர்மெண்டு உத்தியோகம் போல இருந்ததை விட்டுவிட்டு ஒரு மனிதன் பொட்டியும் கூடாரமுமாகக் கிளம்பினால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? அதற்குத் தனிப் பட்டிமன்றமே போடலாம்! 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிலையான கொட்டகையே கட்டிவிட்டார், அது வேறு கதை.

அன்றைக்குப் படம் பேசாது. படம் பேசாத குறையைத் தீர்க்கத் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார். எழுத்து ஓடும்போது படித்துச் சொல்லுவார், கதையை விளக்குவார். அதாவது படம் ஊமை, பார்க்கிற இடம் ஊமை இல்லை. 1931 அக்டோபர் 31இல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப்படம் வாய் திறந்தது. அதன் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. அந்த 'டி' என்ன தெரியுமா? திருவையாறு! நம்ம காவிரிக்கரை! (கைதட்டல்) அடுத்துப் பாட்டுக்கே ராஜாவாக வந்த தியாகராஜ பாகவதர் மாயவரத்துக்காரர். அவருடைய 'ஹரிதாஸ்' 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. ஆளைக் கொடுத்தது நாம். படம் நமக்கு எப்போது வரும்? மெட்ராசில் ஓடி, தஞ்சாவூரில் ஓடி, மழைக்கோடு விழுந்து, கடைசியாக எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வரும்.

நான் வெண்ணாற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவன். டூரிங் டாக்கீஸுக்கு இரண்டு மைல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலுமாக நடக்க வேண்டும். கீற்றுக் கொட்டகை. தரை டிக்கெட், பெஞ்சு, சேர். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. சாயந்திரம் கொட்டகை ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு கேட்டால் ஊரே சோற்றை அவசரமாக விழுங்கும். பஸ்ஸில் வருகிற ஆளைப் பார்த்து ஊர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "படப்பெட்டி வந்தாச்சா?" என்ன படம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சுவரொட்டியில் ஒரு படம் இருக்கும், பெட்டியில் வேறு படம் இருக்கும். ஒருமுறை பக்திப்படம் என்று குளித்துவிட்டு வந்த பாட்டிமார்கள் மூன்று மணி நேரம் கத்திச்சண்டை பார்த்தார்கள். பார்த்துவிட்டு, 'அந்தப் பய கெட்டவனானாலும் நல்லா சண்டை போட்டாண்டி' என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அப்படி வந்த பெட்டிதான் 'தில்லானா மோகனாம்பாள்'. 1968இல் வந்த படம். எங்களுக்கு வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, திருவாரூர் மோகனாம்பாளாக பத்மினி. எல்லாம் பஸ்ஸில் போய் இறங்குகிற ஊர்கள்! அன்றைக்குத் தரை டிக்கெட்டில் எங்கள் ஊர் நாதசுரக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். படம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சிவாஜியின் விரலையே பார்த்தார். திரும்பி வருகையில் வாய்க்கால் கரையில் தீர்ப்புச் சொன்னார்: "வெரலு பொய் சொல்லலடா. ஆனா வாசிச்சது வேற ஆளு." உண்மைதான். வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். பின்னால் நடந்து வந்த ஒரு பண்ணையாள், கையில் அரிக்கேன் விளக்கு, அவர் சும்மா இருக்கவில்லை. "அய்யா, நாயனத்த விடுங்க. தவுல்காரரா வந்தாரே பாலையா, அவரு தோள் அசையுற அசைவுல நானே நம்பிட்டேன்" என்றார். வித்துவான் மறுத்தார். இவர் விடவில்லை. இரண்டு மைல் தூரமும் சங்கீத விமரிசனம்! இத்தனை ஆண்டு தமிழ் படித்து டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன். அதைவிட நல்ல கருத்தரங்கில் நான் உட்கார்ந்ததில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். பாதை பிரிகிற இடம் வந்தது. அரிக்கேன் விளக்கு இடதுபக்கம் போயிற்று. நாங்கள் வலதுபக்கம் வந்தோம். பேச்சு அதோடு நின்றது. மறுநாள் காலையில் அதே மனிதரைப் பெரிய வீட்டு வாசலில் பார்த்தேன். துண்டு இடுப்பில் இருந்தது. பாலையாவைப் பற்றிப் பேசிய வாய், "சரிங்க ஆண்டே" என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்ப்படமும் அரசியலும் பற்றி 1981இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் கூடி உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் கருத்து. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த நாட்டில் அது சின்ன விஷயமா? காசு வைத்துத்தான் சேர், பெஞ்சு, தரை. பிறப்பை வைத்து இல்லை. நான் அந்தப் பேராசிரியரோடு உடன்படுகிறேன். வாய்க்கால் கரை வரைக்கும் உடன்படுகிறேன்.

பிறகு கொட்டகை மெல்ல மெல்லப் பிரிந்தது. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தும் நமக்கு எட்டவில்லை. கடற்கரைப் பக்கத்தில் உயரமாக ஆன்டெனா கட்டி, 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பிடித்தார்கள். சிங்களம் புரியாமலே பார்த்து, ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கல்யாண வீட்டிலும் பொங்கலுக்கும் 'டெக்' வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். எந்த மூன்று என்பது கடைக்காரப் பையன் கையில். எதிரணி நண்பர் 'இதெல்லாம் பட்டிக்காட்டு வழக்கம்' என்று முணுமுணுக்கிறார். ஐயா, 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் திரைப்படச் சங்கம் தொடங்கினார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? 'பொட்டம்கின்' என்கிற ரஷ்யப் படத்தில் தொடங்கி, கிடைக்கிற பெட்டியை வாங்கி, கூடிப் பார்த்து, பேசினார்கள். எட்டு வருடம் கழித்து 'பதேர் பாஞ்சாலி' வந்தது.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். தஞ்சாவூரில் நாங்கள் ஐந்து நண்பர்கள். கல்லூரிக் காலத்துச் சிநேகம். எல்லோர் வீட்டிலும் இணையம் வழியாகப் படம் வருகிறது, ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. ஒரு சனிக்கிழமை சேர்ந்து உட்கார்ந்தோம். என்ன படம் என்று முடிவு செய்யவே முக்கால் மணி நேரம். சாப்பாடு ஆறிப்போய், படமே பார்க்காமல் கலைந்தோம். நான்தான் சொன்னேன்: "சோழநாட்டில் பிறந்துவிட்டு இது என்ன கூத்து? குடவோலை போடுங்கடா!" உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அகநானூற்று 77ஆம் பாட்டிலேயே அந்த வழக்கத்துக்கு உவமை இருக்கிறது. எங்களுக்கு ஒரு எவர்சில்வர் குடம், ஆளுக்கு இரண்டு சீட்டு, எடுப்பதற்கு நண்பரின் பேத்தி. வந்த படத்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும். பார்த்தபின் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். ஈரானியப் படமும் வரும், வடிவேலு படமும் வரும்.

ஒரு வாரம் பேத்தி எடுத்த சீட்டில் 'இராமையாவின் குடிசை' என்று இருந்தது. 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த ஆவணப்படம். கீழ்வெண்மணியைப் பற்றியது. கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசையில் 44 உயிர்கள் எரிந்துபோயின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சிக்கலிலிருந்து அதிகத் தொலைவில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' வந்த அதே வருஷம்.

படம் முடிந்தது. பத்து நிமிடம் யார் பேசுவது? ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அந்தக் காலத்து மிராசு குடும்பம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர், வெண்மணிப் பக்கத்துச் சிற்றூர். இருவரும் முப்பத்தைந்து வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

வீட்டுக்காரர்தான் கேட்டார். "டேய், அன்னிக்கு உங்க அம்மாவுக்கு என்ன வயசு?"

"இருபது. நான் வயித்துல."

"இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லலியேடா?"

"நீ கேக்கலியே."

அதற்குப் பிறகு விடிகாலை இரண்டு மணி வரை பேசினோம். இனிமையான பேச்சு என்று சொல்லமாட்டேன். இடையில் ஒருமுறை வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். திரும்பி வரக் கால்மணி நேரம் ஆயிற்று. தனியாக ஹெட்போனில் பார்த்திருந்தால் அவரவர் அழுதுவிட்டுத் தூங்கியிருப்போம். அந்தக் கேள்வி வந்திருக்காது.

மறுவாரம் நண்பர் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். எண்பதை எட்டப்போகிற கிழவி. வீட்டுக்கார அம்மாள் கூடத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, முதல் காபியை அவர் கையில் கொடுத்தார். குடத்தில் வந்தது ஒரு பேய்ப்படம். அந்த அம்மா கண் இமைக்காமல் பார்த்தார். அவருக்கும் பத்து நிமிடம் கொடுத்தோம்.

"பேய்க்கு எதுக்குப்பா இவ்ளோ லைட்டு போட்ருக்கான்? நாங்க பாத்ததெல்லாம் இருட்டுலதான் வந்துச்சு" என்றார்.

மணியடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.