பாடும் டெம்போவும்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்க யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மாதிரியான ஊர்களில் 'பாடு' என்றொரு ஏற்பாடு உண்டு. இறால் ஓடும் இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வாங்க. பெரிய எஞ்சின் இருக்குன்னு சொல்லி யாரும் உள்ளே புக முடியாது.

ஆனா இறால் கரை ஏறியதும் ஓட்டப்பந்தயம்தான். ஐஸ் வைக்காவிட்டால் நம்ம வெயிலில் சில மணி நேரத்திலேயே தலை கறுக்க ஆரம்பிக்கும். சென்னையோ ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

முன்பு சென்னைக்குப் பெரிய வழி, கால்வாய். 1806-ல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, பிறகு ஏரி வரை நீண்டது. 1878-ல் பக்கிங்ஹாம் என்ற பெயர் வந்தது. கழி ஊன்றியும் கயிறு கட்டி இழுத்தும் போன படகுகள். அந்த வேகத்துக்கு விறகும் உப்பும் கருவாடும் சரி; பச்சை இறால் தாங்காது. 1960-களின் புயல்களில் கால்வாய் ரொம்பவே சிதைந்தது.

அதற்குள் சாலைக்கு வேறொன்று வந்திருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நிறுவனத்தோடு சேர்ந்து 1958-ல் பஜாஜ் டெம்போ மூன்று சக்கர வண்டி செய்ய ஆரம்பித்தது. அந்த பிராண்டு பெயர்தான் இன்று எல்லாச் சின்ன லாரிக்கும் நாம் சொல்லும் 'டெம்போ'. 1980-களில் டொயோட்டா, மஸ்தா, நிசான், மிட்சுபிஷி என நான்கு ஜப்பான் கூட்டணிகள் வேகமான டீசல் வேன்களை இறக்கின. டாடா 1986-ல் 407-ஐக் கொண்டுவந்தது. 2005-ல் டாடா ஏஸ், நம்ம 'குட்டி யானை': இரண்டு சிலிண்டர், வெறும் 16 குதிரைத்திறன்.

மீன் வண்டிக்கு எஞ்சின் பலம் எதுக்கு? பாதி எடை ஐஸ். மீனைக் காப்பாற்றக் கிட்டத்தட்ட அதே எடைக்கு ஐஸ் ஏற்றணும். அந்தப் பாரத்தோடு விடியற்காலை ஏலத்துக்குள் போய்ச் சேரணும்.

இதில் விலையும் அடங்கியிருக்கு. சேற்று நண்டைக் காலைக் கட்டி வைத்தால் உயிரோடு இருக்கும். விற்பவரும் பேரம் பேசிக் காத்திருக்கலாம். இறாலுக்கு அந்த அவகாசம் இல்லை. ஐஸும் வண்டியும் யாரிடமோ, அவர் சொல்வதே விலை. ஏரிக்குள் எல்லாருக்கும் முறை வைத்த ஊர்களுக்கு, கரையில் சொந்தமாய் ஒரு ஐஸ் பெட்டியும் பொதுவில் ஒரு குட்டி யானையும் இருந்தால், பேரத்தில் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.