ரம்பத்தின் பல்லைத் தீட்டியவர் யார்?

கடினமான மரத்தைக் குறுக்கே சுத்தமாக அறுக்க எந்த பிளேடு நல்லது? தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஹார்டுவேர் கடையில் கேட்கும் சாதாரணக் கேள்விதான் இது. ஆனால் ரம்பத்தின் நீண்ட வரலாற்றில் இது மிகவும் புதிய கேள்வி. அந்தக் காலத்துத் தச்சர் கடையில் ரம்பம் வாங்கினாலும், அதன் பல்லைத் தன் வேலைக்கு ஏற்றபடி தானே அரம் போட்டுத் தீட்டிக்கொள்வார். அந்த அரம் அவர் கையை விட்டுப் போனது எப்படி?

குறுக்கே அறுப்பதில் என்ன சிரமம்?

மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. நாரின் போக்கிலேயே அறுப்பதற்கு உளி போன்ற நுனி கொண்ட பல் போதும். சின்னச் சின்ன உளிகள் வரிசையாக நின்று செதுக்கிக்கொண்டே போவது போல வேலை நடக்கும். அதே பல்லை வைத்துக் குறுக்கே அறுத்தால் நார் அறுபடாமல் பிய்ந்து வரும். பலகையின் ஓரம் சிலாம்பு சிலாம்பாக எழும்பும். தேக்கு, ஈட்டி, ஓக் போன்ற விலை உயர்ந்த மரத்தில் ஓரம் பெயர்ந்தால் அந்தத் துண்டு வீண்தான்.

இதற்குத் தீர்வு, உளியைக் கத்தியாக மாற்றுவது. ஒரு பல்லை இடப்பக்கம் கூராகவும் அடுத்த பல்லை வலப்பக்கம் கூராகவும் சாய்த்துத் தீட்டுவார்கள். அவை வெட்டின் இரு ஓரங்களிலும் நாரை முதலில் கீறிவிடும். நடுவில் நிற்கும் மரம் தூளாக உதிர்ந்துவிடும்.

எகிப்தும் ரோமும்

எகிப்தின் தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது. கி.மு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள ஓவியத்தில் ஒரு தச்சர் மரத்தைக் கம்பத்தோடு கட்டி நிறுத்தி அறுத்துக்கொண்டிருக்கிறார். அன்றைய ரம்பங்கள் செம்பிலும் வெண்கலத்திலும் ஆனவை. தள்ளினால் மடங்கிவிடும் என்பதால் இழுத்து அறுத்தார்கள்.

ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் ஒரு நுட்பத்தைக் குறிப்பிடுகிறார். ஈர மரத்தை அறுக்கும்போது தூள் பற்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அதை வெளியேற்றப் பற்களை மாற்றி மாற்றி இருபுறமும் வளைத்து வைத்தார்களாம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் கைரம்பங்களில் இதே முறைதான் என்பது வியப்பான செய்தி!

அரமும் எஃகும்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனைச் சேர்ந்த ஜோசப் மாக்சன் கைத்தொழில்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். முப்பட்டை அரத்தால் பல் தீட்டுவதையும், அதற்கென்று உள்ள கருவியால் பற்களை இருபுறமும் வளைப்பதையும் அதில் விளக்கியிருக்கிறார். அதாவது ரம்பம் தீட்டுவது அன்று தச்சுத் தொழிலின் ஒரு பகுதி.

1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசையில் உருக்கி எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். இந்த எஃகு சீரானது, கூர் நெடுநேரம் நிற்கும். அதே சமயம் அரத்துக்கும் இணங்கும். இங்கிலாந்தில் பிறந்த ஹென்றி டிஸ்டன் 1840-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரம்பத் தொழில் தொடங்கினார். 1850-களில் எஃகையும் அவரே உருக்கினார். அந்த நிறுவனம் வெளியிட்ட கையேடுகள் ரம்பத்தை விற்பதோடு நிற்காமல், அதைத் தீட்டவும் கற்றுக்கொடுத்தன. மரம் கடினமாக இருந்தால் பல் சிறிதாகவும் சாய்வு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துத் தச்சருக்குத் தெரிந்த பாடம்.

வட்ட ரம்பத்தின் வருகை

1777-இல் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் வட்ட ரம்பத்தைக் குறிப்பிடும் காப்புரிமை ஒன்றைப் பெற்றார். அடுத்த கட்டம் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்தது. மார்க் புரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்த இயந்திரங்கள் 1800-களின் தொடக்கத்தில் அங்கே கப்பல் கப்பிகளைத் தயாரித்தன. கப்பியின் சக்கரத்துக்கு லிக்னம் வைட்டே என்ற மிகக் கடினமான மரம். அந்தக் கட்டையைச் சுழற்றிக்கொண்டே வட்ட ரம்பத்தால் குறுக்கே வில்லை வில்லையாக அறுத்தார்கள். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்யும் நிலை வந்தது. ஆனாலும் பல் எஃகுதான். மழுங்கினால் அரம் போடலாம்.

வைரம் போன்ற பல்

அந்த நிலையை மாற்றியது ஜெர்மனி. 1923-இல் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடு தூளையும் ஒரு உலோகத்தையும் சேர்த்து இறுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1926-இல் க்ரூப் நிறுவனம் இதை ‘விடியா’ என்ற பெயரில் தயாரித்தது. ‘வைரம் போல’ என்னும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது. பிறகு ரம்பத்தின் பல் நுனிக்கும் கார்பைடு வந்தது. எஃகைவிடப் பல மடங்கு காலம் கூர் நிற்கும். ஆனால் அரம் அதன் மேல் ஏறாது. தீட்ட வைரச் சக்கரம் வேண்டும். எனவே பல்லின் கோணத்தைத் தீர்மானிக்கும் உரிமை பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டது. டிஸ்டன் குடும்பமும் 1955-இல் தன் நிறுவனத்தை விற்றுவிட்டது.

அப்படியானால் எதை வாங்குவது?

பழைய பாடமே இன்று பெட்டியின் மேல் எண்களாக அச்சிடப்பட்டிருக்கிறது.

* பற்கள்: 10 அங்குல பிளேடில் 24 பல் நீளவாக்கில் அறுக்க, 60 முதல் 80 பல் குறுக்கே அறுக்க.
* பல்லின் மேல்முனை: இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்திருக்க வேண்டும். தச்சர் அரத்தால் செய்த அதே கத்திதான் இது. சாய்வு மிக அதிகமானால் வெட்டு அழகாக வரும். ஆனால் கடின மரத்தில் நுனி சீக்கிரம் மழுங்கும்.
* முன்சாய்வு: பல் முன்னோக்கி அதிகம் சாய்ந்தால் மரத்தைக் கவ்வி இழுக்கும். குறுக்கே அறுக்கக் குறைந்த சாய்வே நல்லது.

இவற்றோடு, அறுபடும் இடத்துக்கு அடியில் ஒரு வேண்டாத பலகையை ஒட்டி வைத்தால் சிலாம்பு பெரும்பாலும் எழாது.

கார்பைடு தச்சருக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. பல்லைத் தன் விருப்பம்போல் மாற்றும் வசதியை எடுத்துக்கொண்டது. பல் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும் அதில் பாதியாவது திரும்பக் கிடைக்கிறது. அவர் கடைக்காரர் நீட்டும் பிளேடை அப்படியே வாங்கமாட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார்.