துறவி நண்டு வளர்க்கிறீங்களா? பல்பைவிட இருட்டுதான் முக்கியம்! கோவைக்காரங்களுக்கு ஒரு முழு கைடு

'துறவி நண்டு வாங்கிட்டேன், என்ன பல்பு மாட்டணும்?'

நண்டு வளர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு முதலில் வரும் சந்தேகமே இதுதான். மீன் தொட்டிக்கு லைட் இருக்கு, கோழிக்குஞ்சுக்குக்கூட பல்பு போடுறோம், அப்போ நண்டுக்கும் ஏதாவது மாட்டணும்தானே என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால், முதுகில் சங்கைத் தூக்கிக்கொண்டு திரியும் இந்தக் குட்டி ஜீவனைக் காப்பாற்றுவது பல்பு இல்லை. இருட்டு, ஈரம், ஆழமான மணல் என மூன்று விஷயங்கள்தான். கடலே இல்லாத கோயம்புத்தூரில் இந்த மூன்றையும் எப்படிக் கொடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இந்தத் துறவி?

நாம் வீட்டில் வளர்க்கும் துறவி நண்டு, 'சீனோபிட்டா' என்ற இனத்தைச் சேர்ந்த நில நண்டு. நம் கடற்கரைகளிலும் இதன் சில வகைகள் உண்டு. வயிற்றுப் பகுதி மெத்தென்று, ஓடு இல்லாமல் இருக்கும். அதனால், செத்துப்போன கடல் நத்தையின் சங்குக்குள் புகுந்து அதையே வீடாக்கிக்கொள்ளும். ஆபத்து என்றால் உள்ளே போய், பெரிய இடது கொடுக்கால் கதவு மாதிரி வாசலை அடைத்துக்கொள்ளும்.

பெயர்தான் துறவி. கடற்கரையில் இது கூட்டமாக வாழும் ஜீவன். ஒற்றை நண்டாக வளர்ப்பதைவிட இரண்டு மூன்றாக வளர்ப்பதே நல்லது.

முக்கியமான விஷயம், இது நிலத்தில் வாழ்ந்தாலும் செவுளால்தான் சுவாசிக்கிறது. செவுள் ஈரமாக இருந்தால்தான் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுக்க முடியும். காய்ந்தால் மெல்ல மெல்ல மூச்சுத் திணறும். அதேபோல, முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே விட்டாலும் மூழ்கிச் செத்துவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கீழே வருகிற எல்லாமே தானாகப் புரியும்.

லைட்: எவ்வளவு நேரம், எது, எங்கே?

துறவி நண்டு இரவில் நடமாடும் உயிர். பகலில் பதுங்கும், பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். அதற்குப் பகல் எது, ராத்திரி எது என்று தெரிந்தாக வேண்டும். கணக்கு ரொம்ப சிம்பிள். சுமார் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. நம் ஊரின் இயற்கையான பகல் இரவும் கிட்டத்தட்ட இதுதான்.

நல்ல வெளிச்சம் வரும் ரூமில் தொட்டி இருந்தால் தனி லைட்டே தேவையில்லை. ஜன்னல் இல்லாத ரூம், எப்போதும் ஸ்க்ரீன் போட்ட ஃப்ளாட் என்றால், தொட்டியின் மூடிக்கு மேலே ஒரு சாதாரண வெள்ளை எல்.இ.டி போதும். இது அதிகம் சூடாகாது, ஈரத்தையும் உறிஞ்சாது. காலை 7 மணிக்கு ஆன், மாலை 7 மணிக்கு ஆஃப் என்று ஒரு டைமர் பிளக்கில் செட் பண்ணிவிட்டால் நீங்கள் மறந்தாலும் பிரச்னை இல்லை.

வெயில் படட்டும் என்று தொட்டியை ஜன்னலோரம் வைக்கலாமா? கூடவே கூடாது. கண்ணாடித் தொட்டிமேல் நேரடி வெயில் பட்டால் உள்ளே சூடு அடைத்துக்கொள்ளும். ஏப்ரல் மாதம் பூட்டிய கார் நினைவிருக்கிறதா? அதே கதைதான். 'வெயிலில் யு.வி கிடைக்குமே' என்பதும் இங்கே எடுபடாது. சாதாரண கண்ணாடி, யு.வி.பி கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கிடைப்பது சூடு மட்டும்தான்.

யு.வி.பி பல்பு வாங்கணுமா? சில வளர்ப்பாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால், இது கட்டாயமான ஐட்டம் இல்லை. பட்ஜெட் குறைவு என்றால், அந்தக் காசில் நல்ல ஹைக்ரோமீட்டரும் கூடுதல் மணலும் வாங்குங்கள். பல்பு போட்டே தீருவேன் என்றால் குறைந்த பவரில், பகலில் மட்டும் போடுங்கள். நண்டு ஒதுங்க நிழலான மூலையும் இருக்கட்டும்.

ராத்திரி கலர் பல்பு வேண்டாமே!

'இது நைட் பல்பு, நண்டுக்குத் தெரியாது' என்று சிவப்பு, நீல பல்புகளை விற்பார்கள். நமக்கு நண்டைப் பார்க்க வசதி, அவ்வளவுதான். நண்டுக்குத் தேவை இருட்டு. ராத்திரி முழுக்க ஏதோ ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தால், வெளியே வந்து சாப்பிட வேண்டிய நேரத்திலும் பதுங்கியே கிடக்கும்.

டி.வி இருக்கும் ஹாலில் தொட்டியை வைத்திருந்தால், பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் ஒரு துணியை மறைவாகத் தொங்க விடுங்கள். நண்டு என்ன பண்ணுது என்று பார்க்க ஆசையா? ரூம் லைட்டை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் லேசான வெளிச்சத்தில் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். மொபைல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

சூடு: கோழிக்குஞ்சு ஃபார்முலா இங்கே செல்லாது

துறவி நண்டுக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 29 டிகிரி செல்சியஸ். கோவையில் வருஷத்தின் பெரும்பகுதி இதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படாது. கவனிக்க வேண்டியது இரண்டு சீஸன்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஊட்டி, கோத்தகிரி என்றால் கேட்கவே வேண்டாம், வருஷம் முழுக்கக் குளிர். இதற்காகக் கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டால் தொட்டி சூடாகும்தான், ஆனால் உள்ளே இருக்கும் ஈரமும் காய்ந்துபோகும். அதற்குப் பதில், தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே, வெளிப்புறமாக ஹீட் மேட் ஒட்டுங்கள். அடியில் ஒட்டக் கூடாது. மணலுக்குள் புதைந்திருக்கும் நண்டு வெந்துபோகும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடாதீர்கள்.

மார்ச் முதல் மே வரை பிரச்னை தலைகீழ். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு எல்லாம் மதியம் கொதிக்கும். தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான ரூமின் தரைமட்டத்துக்கு மாற்றுங்கள். ஏ.சி ரூம் என்றால் காற்று நேராகப் படாத மூலை.

ஈரம்: நண்டின் உயிரே இதில்தான்

தொட்டிக்குள் ஈரப்பதம் 75 முதல் 85 சதவிகிதம் வரை இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்கு சுகம்தான், ஆனாலும் பிப்ரவரி, மார்ச் மதியங்களில் நம் ஊர்க் காற்று நன்றாகவே காய்ந்துவிடும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இல்லாத கவலை நமக்கு உண்டு.

கம்பிக் கூண்டிலோ, மேலே திறந்த பிளாஸ்டிக் டப்பாவிலோ வளர்க்கவே கூடாது. இரண்டு அடி கண்ணாடி மீன் தொட்டி, மேலே கண்ணாடி அல்லது அக்ரிலிக் மூடி, காற்று போக லேசான இடைவெளி. சின்ன சைஸ் நண்டு மூன்றுக்கு இது போதும். உள்ளே ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வையுங்கள். ரீடிங் 75-க்குக் கீழே போனால் மூடியின் இடைவெளியைக் குறைத்து, மணலின் ஈரத்தைக் கூட்டுங்கள்.

மணல்: பொள்ளாச்சி கைகொடுக்கும்

இந்த விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரங்க கொடுத்துவைத்தவங்க. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு கோகோ பீட், அதாவது தென்னை நார்க் கழிவுத் தூள். இதுதான் உலகம் முழுக்கப் பின்பற்றும் கலவை. கோகோ பீட்டுக்கு நாம் ஆன்லைனில் தேடவே வேண்டாம், பக்கத்திலேயே பொள்ளாச்சி இருக்கு. உரம் கலக்காத, கழுவிய கோகோ பீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

மணலில்தான் உஷார். எம்.சாண்ட் என்பது கல்லை உடைத்துச் செய்வது. முனைகள் கூராக இருக்கும், தூசியும் அதிகம். நண்டின் மெல்லிய வயிற்றுக்கு ஆகாது. நைஸான, கழுவிய மணல்தான் வேண்டும். ஆழம் குறைந்தது 15 செ.மீ. பெரிய நண்டு என்றால் அதன் உயரத்தைப்போல மூன்று மடங்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. பீச்சில் மணல் வீடு கட்டுகிற பதம்.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

நம் வீடுகளில் ஏற்கெனவே இரண்டு தண்ணீர் உண்டு, குழாயில் நல்ல தண்ணி, போரில் உப்புத் தண்ணி. நண்டுக்கும் இரண்டு கிண்ணம் வேண்டும். ஆனால் நம் போர்த் தண்ணி அதற்கான உப்புத் தண்ணி இல்லை. அது கடினத்தன்மை கொண்ட நிலத்தடி நீர், கடல்நீர் இல்லை. சமையல் உப்பைக் கரைத்தும் வைக்கக் கூடாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமல்ல, மெக்னீசியம், கால்சியம் எல்லாம் இருக்கு. அக்வேரியம் கடைகளில் கிடைக்கும் மரைன் சால்ட்டை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரையுங்கள்.

சிறுவாணியோ, பில்லூரோ, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரண்டு கிண்ணத்துக்குமே, மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். நண்டு இறங்கிக் குளிக்கிற ஆழம் இருக்கட்டும். ஏறி வர ஒரு கல்லோ, குச்சியோ கட்டாயம்.

சாப்பாடும் சங்கும்

கிடைத்ததையெல்லாம் சாப்பிடும் பார்ட்டி இது. தேங்காய், வாழைப்பழம், பப்பாளி, உப்பு போடாத காய்ந்த இறால், பொடித்த முட்டை ஓடு, கணவாய் ஓடு எல்லாம் ஓகே. எண்ணெய், மசாலா, பூச்சிமருந்து வாசமே ஆகாது. சாயங்காலம் வையுங்கள், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

வளர வளர நண்டுக்குப் பெரிய வீடு வேண்டும். ஒரு நண்டுக்கு மூன்று முதல் ஐந்து காலிச் சங்குகள், இப்போதைய சங்கைவிடக் கொஞ்சம் பெரியதாக வைக்கவும். பெயின்ட் அடித்த கலர் சங்கு வேண்டவே வேண்டாம். பெயின்ட் உரிந்து வயிற்றுக்குள் போகும்.

கடற்கரையில் இந்த வீடு மாற்றம் பார்க்கவே சுவாரஸ்யம். ஒரு பெரிய சங்கு கிடைத்தால் நண்டுகள் சைஸ் வாரியாக வரிசையில் நிற்கும். பெரிய நண்டு மாறியதும் அது காலி செய்ததில் அடுத்தது, அதற்கு அடுத்தது என்று போகும். வாடகை வீடு காலியானால் சொல்லுங்க என்று நாம் சொல்லி வைப்பதில்லையா, அதுபோல. இன்று அந்த வரிசையில் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது. இணையத்தில் மக்கள் பகிர்ந்த படங்களை வைத்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், செயற்கைக் குப்பையைச் சுமந்த 386 நண்டுகள் பதிவாகின. பெரும்பாலானவை பாட்டில் மூடி போன்ற பிளாஸ்டிக். உலகில் உள்ள 16 நில நண்டு வகைகளில் 10 வகைகள் இந்த நிலையில் இருந்தன.

காணோமேன்னு தோண்டாதீங்க!

ஒருநாள் நண்டு மணலுக்குள் போய்விடும். ஒரு வாரம், ஒரு மாதம், பெரிய நண்டு என்றால் அதற்கு மேலும் வெளியே வராது. பயப்படாதீர்கள், அது மோல்டிங். பழைய மேல்தோலைக் கழற்றி, புதுத் தோல் இறுகும்வரை இருட்டில் ஒளிந்திருக்கும். கழற்றிய தோலை, அதிலிருக்கும் கால்சியத்துக்காக அதுவே சாப்பிடும். அந்த நேரத்தில் தோண்டி எடுத்தாலோ, வெளிச்சம் அடித்தாலோ பிழைப்பது கஷ்டம். ஆழமான மணல் கேட்பது இதற்காகத்தான்.

மேலே அசையாமல் கிடக்கும் உருவம் வெறும் உரித்த தோலாகவும் இருக்கலாம். வழி ஒன்றுதான், மோந்து பாருங்கள். அழுகிய மீன் நாற்றம் வந்தால் இறந்துவிட்டது. நாற்றம் இல்லையென்றால் காத்திருங்கள்.

இன்னும் வாங்கலையா? ஒரு நிமிஷம்

நாய்க்குட்டி, லவ் பேர்ட்ஸ் மாதிரி துறவி நண்டு வீட்டில் குட்டி போட்டுப் பெருகாது. தாய் நண்டு முட்டைகளைக் கடலில்தான் விடும். குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பிறகு சின்னச் சங்கு தேடி கரையேறும். தொட்டியில் இதை நடத்திக் காட்டியவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் வெகு சிலர்தான். அதனால், கடையில் இருக்கும் நண்டு கிட்டத்தட்ட எப்போதுமே ஏதோ ஒரு கரையிலிருந்து பிடித்து வரப்பட்டதே. நல்லபடியாக வாழ்ந்தால் 30 வருடங்களையும் தாண்டும் உயிர் அது. கம்பிக் கூண்டில் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது.

ராமேஸ்வரம் டூரில் கண்ணில் பட்டதைப் பாட்டிலில் போட்டு எடுத்து வருவதும் வேண்டாம். ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரம் உள்ள 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிரினங்களை எடுப்பது குற்றம். அந்தமான் நிகோபாரில் வாழும் இதன் பெரிய சொந்தமான தென்னை நண்டு, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

வளர்க்க முடியவில்லை என்று நொய்யலிலோ, உக்கடம் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அது நன்னீர் ஜீவன் இல்லை, செத்துவிடும். சரியான தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறதா? இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். ஹைக்ரோமீட்டர் ரீடிங்கைப் பாருங்கள். மணலின் ஆழத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ராத்திரி பல்பை அணைத்துவிடுங்கள். கடற்கரையிலிருந்து தூக்கி வந்துவிட்டோம், அதன் ராத்திரியையாவது அதற்கே விட்டுக்கொடுப்போம்!