கோப்பிக் கேத்தலைக் காவல் காத்த கமெரா

வெப்கேமின் கதை ஒரு சோம்பலில்தான் தொடங்குது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், ட்ரோஜன் அறைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கேத்தல் இருந்தது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் கேத்தல் காலி. குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசரும் போல் ஜார்டெட்ஸ்கியும் அதைப் பார்த்தபடி ஒரு கமெராவைப் பொருத்தி, படத்தை எல்லோருடைய திரைக்கும் அனுப்ப ஒரு சின்ன மென்பொருள் எழுதினார்கள். 128க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று படம். கேத்தல் நிறையிறதைப் பார்க்க அது தாராளம். (எங்கட தேத்தண்ணிக் கடையெண்டா ஒரு சத்தம் போட்டுக் கேட்டா முடிஞ்சுது.) 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 22இல் கமெராவை அணைக்கும்வரை உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்த எளிமையை மறுபடி பிடித்த மென்பொருள் என்று நாங்கள் சொல்வது எம்ஜேபிஜி-ஸ்ட்ரீமரை. டொம் ஸ்டோவெக்கன் எழுதியது, திறந்த மூலம். பல யூஎஸ்பி வெப்கேம்கள் படத்தைத் தாங்களே ஜேபெக்காகச் சுருக்கித் தருகின்றன. இது அதை இன்னொரு முறை சுருக்கப் போகாது. வந்த படத்தை அப்படியே பிரவுசருக்குக் கொடுக்கும். அதனால்தான் ஓபன்டபிள்யூஆர்டி போட்ட பழைய ரவுட்டரிலும் ஓடும்.

இது ஏன் எங்களுக்கு? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் கட்டாரிலோ சவூதியிலோ ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்கணும். வாப்பாமார் வீட்டைப் பார்க்க கமெரா பூட்டச் சொல்லுறாங்க. கடையில் விற்கிற பல கமெராக்கள் படத்தைக் கம்பனியின் சேர்வருக்கு அனுப்பித்தான் ஃபோனில் காட்டும். உம்மா முக்காடு இல்லாமல் முற்றத்தில் நிற்கிற படம் எந்த நாட்டு சேர்வரில் கிடக்குது, யார் பார்க்கிறார் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கம்பனி சேவையை நிறுத்தினா கமெராவும் சும்மா பிளாஸ்டிக்தான்.

எம்ஜேபிஜி-ஸ்ட்ரீமரில் படம் வீட்டைத் தாண்டாது, நாமாக அனுப்பினால் தவிர. ஆனால் குறையையும் சொல்லணும். மறைகுறியாக்கம் கிடையாது. ரவுட்டரில் 8080 போர்ட்டை அப்படியே வெளியே திறந்துவிட்டால், உம்மாவை ஒரு கம்பனிக்குப் பதிலா ஊர் உலகமே பார்க்கும். தோஹாவில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாகவோ எஸ்எஸ்எச் வழியாகவோதான் போகணும். "இலேசானது" என்பதும் ப்ரொசசருக்குத்தான். ஒவ்வொரு படமும் முழுப் படமாகப் போவதால் டேட்டா கரையும். அதுக்கு நாங்க கண்ட வழி, வீடியோவை விட்டுட்டு தேவைப்படும்போது ஒரு படம் மட்டும் கேட்பது. அந்த வசதி இதிலேயே இருக்கு. கேம்பிரிட்ஜ்காரர்கள் ஒரு படத்துக்கு இருபது செக்கன் காத்திருந்தவங்கதானே.