1931 அக்டோபர் 31: திரைப்பாட்டின் பிறப்பா, மேடைப்பாட்டின் தொடர்ச்சியா?

தமிழ்த் திரைப்பாட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே நாளிலிருந்து தொடங்குகிறார்கள். 1931 அக்டோபர் 31, சனிக்கிழமை அன்று, பின்னாளில் முருகன் தியேட்டர் என்று அறியப்பட்ட சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கி, அர்தேஷிர் இரானியின் பம்பாய் நிறுவனத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தில் டி. பி. ராஜலட்சுமியும் பி. ஜி. வெங்கடேசனும் நடித்தனர். படச்சுருள்கள் வால்டாக்ஸ் சாலையில் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்ட கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அன்று ஒலித்த பாட்டுகள் எந்த இசைமரபைச் சேர்ந்தவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விடை ஸ்டீபன் ஹியூஸ் 2007இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருகிறது. அந்த விடை 1930களின் நடுப்பகுதிக்குப் பொருந்தும். 1931 அக்டோபர் 31க்குப் பொருந்தாது என்பது என் வாதம்.

ஹியூஸின் வாதத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். நாடக மேடையிலிருந்து பாட்டு நேராகத் திரைக்குத் தாவியது என்ற பழைய விளக்கத்தை அவர் ஏற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே கிராமபோன் நின்றது என்கிறார். பேசும்படம் வருவதற்கு முன்பே இசைத்தட்டு நிறுவனங்கள் நாடகப் பாட்டை மேடையிலிருந்து பிரித்தெடுத்து, கதையும் காட்சியும் தெரியாதவரும் கேட்கக்கூடிய சரக்காக மாற்றிவிட்டன. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றோரின் குரல்கள் அவர்கள் கால் வைக்காத ஊர்களிலும் ஒலித்தன. பாட்டைத் தனியே ரசிக்கும் இந்தப் பழக்கமே திரைப்பாட்டுக்கு வழி வகுத்தது. திரைப்பாட்டைத் தனியொரு வெகுமக்கள் இசையாக ஆக்கியதும் இசைத்தட்டுத் தொழிலே. திரைப்பட வரலாற்றைப் படங்களின் பட்டியலாகவே எழுதிவந்த துறையில், கேட்போரையும் சந்தையையும் மையத்துக்குக் கொண்டுவந்த ஆய்வு இது. அவர் திரட்டியிருக்கும் சான்றுகளோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் இசைத்தட்டின் இடையீட்டை அவர் பேசும்படத்தின் தொடக்கத்துக்கே நீட்டும்போது, முதல் நாளின் சான்று வேறு திசையைக் காட்டுகிறது.

அச்சான்றுகளில் தலையாயது 1931 அக்டோபர் 29ஆம் தேதிச் சுதேசமித்திரனில் வந்த குறிப்பு. திரையிடலுக்கு இரண்டு நாள் முன்பு, சென்னை வாசகரை அரங்குக்கு அழைக்கும் எழுத்து இது. தமிழிலும் தெலுங்கிலும் அமைந்த முதல் பேசும்படம் என்பது அது தரும் முதன்மையான செய்தி. நாடக மேடையில் பேர்பெற்ற ராஜலட்சுமியைத் திரையில் காணலாம் என்பதும், தியாகராஜ கீர்த்தனைகளும் நடனங்களும் உண்டு என்பதும் அது காட்டும் கவர்ச்சிகள். ராஜலட்சுமியின் பெயருக்குப் பின்னால் நிற்பது மேடைப் புகழ். இசைத்தட்டுப் புகழ் அன்று. கீர்த்தனைகளும் படத்துக்கென ஆக்கப்பட்டவை அல்ல, கச்சேரியிலும் மேடையிலும் ஏற்கெனவே பழகியவை. மேடையில் தாம் பாடிப் பெயர் வாங்கிய பாட்டுகளையே அவர் கேமரா முன்பும் பாடினார் என்று சொல்லப்படுவதோடு இது ஒத்துப்போகிறது. குறிப்பில் இசைத்தட்டைப் பற்றிய பேச்சில்லை என்பதை மட்டும் வைத்து வாதிட்டால் அது மௌனத்திலிருந்து எடுத்த முடிவு என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு நியாயமானதே. ஆனால் நான் சாய்வது அக்குறிப்பின் மௌனத்தின் மீதன்று, அதன் பேச்சின் மீது. வாசகர் எதை நம்பிச் சீட்டு வாங்குவார் என்பது விளம்பரம் எழுதுபவருக்குத் தெரியும். இங்கே அவர் நம்பியது மேடையை.

இரண்டாவது சான்று ஒரு பாட்டின் இடம் பற்றிய முரண். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய, காந்தியின் கைராட்டையைப் போற்றும் தேசியப் பாட்டை ராஜலட்சுமி பாடினார் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது ‘காளிதாஸ்’ படத்துக்குள்ளேயே வந்தது என்கின்றனர் சிலர். அதனோடு காட்டப்பட்ட குறத்தி நடனத் துண்டுப்படத்தில் வந்தது என்கின்றனர் வேறு சிலர். படத்தின் பிரதி இன்று இல்லாததால் கண்ணால் கண்டு தீர்க்க வழியில்லை. பலரும் இதை நினைவுப் பிழை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ இந்தக் குழப்பமே பொருளுள்ளதாகப் படுகிறது. வடமொழிக் கவி காளிதாசனின் கதையில் கைராட்டைக்கு இடமே இல்லை. இருந்தும் அப்பாட்டு எங்கே பாடப்பட்டிருந்தாலும் யாருக்கும் உறுத்தவில்லை. மேடையில் இது அன்றாட வழக்கம். வள்ளி திருமண நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை வெள்ளையராக்கி விஸ்வநாத தாஸ் பாடியதும், அதைக் கேட்க மக்கள் திரண்டதும், அதற்காக அவர் சிறை சென்றதும் நாடக வரலாற்றில் தெரிந்த செய்தி. ஸ்பெஷல் நாடகத்தில் கதை ஒரு கொடிக்கயிறு. பாடுபவர் தம் கைவசமுள்ள பாட்டுகளை அதில் தொங்கவிடுவார். அக்டோபர் 31இன் நிகழ்ச்சியும் அதே கட்டுமானத்தில் அமைந்தது. துண்டுப்படம், முழுப்படம், கீர்த்தனை, தேசியப் பாட்டு, குறத்தி ஆட்டம் எல்லாம் சேர்ந்து ஓர் இரவு நாடகத்தின் வரிசையை ஒத்திருக்கின்றன.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நாடகப் பாட்டுகள் அதற்குள் தட்டுகளில் பரவிவிட்டன. ஆகவே மேடைப்பாட்டு என்று நாம் சொல்வதே அன்றைய ரசிகர் காதில் கிராமபோன் வழியாகவும் ஏறியிருந்தது என்று ஹியூஸ் தரப்பில் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரு பொருள் கடையில் கிடைத்தது என்பதும், அதுவே அடுத்த பொருளின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதும் வேறு வேறு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அந்த அளவுக்குள் பாட்டை நறுக்கிக் கட்டுவது தட்டின் இலக்கணம். 1931இல் திரைக்குப் பின்னணிப் பாடல் முறை கிடையாது. படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாயின; நடிகர் கேமரா முன் நின்று பாடியே தீரவேண்டும். தமிழில் பின்னணிக் குரல் 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில்தான் வருகிறது. குரலை உடலிலிருந்து பிரிப்பது இசைத்தட்டின் அடிப்படைச் செயல். அக்டோபர் 31இன் கவர்ச்சியோ பாடும் உடலையும் குரலையும் ஒருசேரக் காட்டுவதில் இருந்தது. பம்பாயிலும் இதே நிலைதான். அதே ஆண்டு மார்ச் 14இல் வெளியான ‘ஆலம் ஆரா’ பார்சி நாடகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் ஏழு பாட்டுகளும் அந்த மேடை மரபிலேயே வேர்கொண்டவை.

நாளைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ‘காளிதாஸ்’ தீபாவளி வெளியீடு என்ற பேச்சு கணக்குக்கு ஒத்துவரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 11இல் சூரிய கிரகணம். அடுத்த அமாவாசை நவம்பர் 9ஐ ஒட்டியே வரும். ஆகவே தீபாவளி ஒரு வாரத்துக்கு மேல் பிந்தியது. தெலுங்கின் அனுபவம் இன்னும் பெரிய எச்சரிக்கை. ‘பக்த பிரகலாதா’ 1931 செப்டம்பர் 15இல் வெளியானதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. தணிக்கைச் சான்று 1932 ஜனவரி 22இல்தான் தரப்பட்டது என்றும், படம் பிப்ரவரி 6இல் வெளியானது என்றும் ஆய்வாளர் ரெண்டால ஜெயதேவ் நிறுவினார். இத்திருத்தம் சுதேசமித்திரன் குறிப்புக்கும் புது வெளிச்சம் தருகிறது. செப்டம்பரிலேயே தெலுங்குப் படம் வந்துவிட்டது என்று கொண்டால், தமிழோடு தெலுங்கையும் சேர்த்து ‘காளிதாஸ்’ கோரிய முதன்மை வெறும் வியாபாரப் பேச்சாகத் தோன்றும். திருத்திய தேதிப்படி, நாயகன் தெலுங்கில் பேசிய அப்படத்தின் உரிமைக்கோரல் நேர்மையானதாகிறது. அதே சமயம், முன்னறிவிப்பு எண்ணத்துக்குத்தான் சான்று, நிகழ்ச்சிக்கு அன்று என்பதையும் தெலுங்கு வழக்கு நினைவூட்டுகிறது. மறுக்கும் சான்று இல்லாதவரை அக்டோபர் 31ஐ ஏற்பதே முறை. ஆனால் அதைக் கல்வெட்டாகக் கருத வேண்டியதில்லை.

அப்படியானால் ஹியூஸ் காட்டும் இடையீடு எப்போது நிகழ்ந்தது? 1934க்கும் 1938க்கும் இடையில் என்று சொல்வேன். இன்னும் குறுக்கிச் சொல்லச் சான்று இடம் தரவில்லை. 1934இல் எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘பவளக்கொடி’ வரும்போதும் மேடை நாடகமே படமாகிறது. ஆனால் பாபநாசம் சிவனின் பாட்டுகள் படத்தோடு பிணைந்து நினைவில் நிற்கத் தொடங்குகின்றன. சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வணிகத்தில் வளர்ந்த ஏ. வி. மெய்யப்பன் 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்துத் தயாரிப்பில் இறங்குகிறார். பாட்டு விற்றவர் படம் எடுக்க வந்ததிலேயே ஹியூஸின் வாதம் முழு வலிமை பெறுகிறது. தமிழில் பின்னணிக் குரலை அறிமுகப்படுத்திய ‘நந்தகுமார்’ படமும் அவருடையதே என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. குரலை உடலிலிருந்து பிரித்து விற்றுப் பழகிய தொழிலே திரையிலும் அவ்விரண்டையும் பிரித்தது.

ஆகவே இரண்டு வரலாறுகளைத் தனித்தனியே எழுத வேண்டியிருக்கிறது. ஒன்று, மேடைப்பாட்டு படச்சுருளில் ஏறிய வரலாறு. அதற்கு 1931 அக்டோபர் 31 என்ற நாள் உண்டு. மற்றது, படத்துக்கென்று பிறந்து, தட்டில் பிரிந்து, வீடுதோறும் சென்ற திரைப்பாட்டின் வரலாறு. அதற்கு நாள் இல்லை, நான்கைந்து ஆண்டுக் காலப்பரப்புதான் உண்டு. முன்னதன் நாளைப் பின்னதற்குச் சூட்டும்போது ராஜலட்சுமி, பாஸ்கரதாஸ் போன்ற மேடைக் கலைஞர்கள் திரைப்பாட்டின் முன்னோடிகளாக மட்டும் சுருங்கிவிடுகிறார்கள். அவர்கள் அன்று புதிய ஒன்றைத் தொடங்கிவைக்க வரவில்லை. முழு வளர்ச்சி பெற்ற ஒரு கலையைத் தன் உச்சத்தில் புதிய கருவியின் முன் நிறுத்தினார்கள். அந்தக் கலையின் அளவுகோலைக் கொண்டே அந்த நாளை மதிப்பிட வேண்டும்.